விங் கொமாண்டர் தீபக் சாத்தேயை நினைத்து

தீபக் வசந்த் சாத்தே என்ற பெயர் எஹலியகொடப் பக்கத்தில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயம் இல்லை. நாக்பூரில் வேர் கொண்ட மராத்தியக் குடும்பத்துப் பிள்ளை. இந்திய விமானப்படையில் விங் கொமாண்டராக இருந்து ஓய்வு பெற்று, அதற்குப் பிறகு பயணிகள் விமானம் ஓட்டியவர். எங்கள் ரப்பர் தோட்டத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அவரைப்பற்றி ஒரு நாள் விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்பக் காலமாக மனதில் இருந்தது. இன்றைக்கு மழை விடாமல் பெய்கிறது, பால் வெட்டும் இல்லை, ஊரே வீட்டுக்குள் இருக்கிறது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் அவர் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத் தோட்டங்களில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத லயம் குறைவு. சித்தி குவைத்தில் வீட்டு வேலை, மச்சான் கட்டாரில் கட்டட வேலை, பக்கத்து வீட்டுத் தங்கச்சி சவூதியில் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கிறது. மழை பிடித்தால் பால் வெட்டு நிற்கும், பால் வெட்டு நின்றால் வேலைக்குப் பேர் பதிவதும் இல்லை, சம்பளமும் இல்லை. அப்படித்தான் பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். அவர்களைக் கொண்டுபோய் விடுவதும், இரண்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு கட்டுநாயக்கவில் கொண்டுவந்து இறக்குவதும் யாரோ ஒரு விமானி. அந்த மனிதரின் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. சாத்தே அப்படிப்பட்ட விமானிகளில் ஒருவர். அவர் கடைசியாக ஏற்றி வந்ததும் வளைகுடாவில் இருந்து ஊர் திரும்பியவர்களைத்தான்.

2020ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 19ஆம் திகதி இலங்கை விமான நிலையங்களை மூடியது. வழமையான பயணிகளுக்கு அவை மறுபடி திறந்தது 2021 ஜனவரி 21இல்தான். இடையில் விசேட விமானங்கள் ஓடின, உண்மைதான். ஆனால் பட்டியலில் பெயர் வர வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும், கையில் காசும் இருக்க வேண்டும். என் சித்தி மகன் அப்போது சார்ஜாவில் இருந்தான். கம்பனி மூடிவிட்டது, ஒரு அறையில் நிறையப் பேர். இரவு இரவாக இமோவில் எடுப்பான்.

“அண்ணே, எங்களுக்கு எப்ப பிளேன் விடுவாங்களாம்? ரூம்ல இருந்த கேரளாப் பொடியன்மார் எல்லாம் போயிட்டானுங்க.”

“வரும் தம்பி, எம்பசியில பேர் குடுத்துட்டுத்தானே இருக்க, கொஞ்சம் பொறு.”

வேறு என்ன சொல்ல முடியும்? கேரளாப் பொடியன்கள் போனது வந்தே பாரத் என்ற திட்டத்தில். 2020 மே 7ஆம் திகதி முதல் இரண்டு விமானங்கள் கேரளத்துக்கு வந்தன. அபுதாபியிலிருந்து ஒன்று கொச்சிக்கு, டுபாயிலிருந்து ஒன்று கோழிக்கோட்டுக்கு. எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் கம்பனியின் போயிங் 737கள். அந்த விமானங்களை ஓட்டியவர்கள் யார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. சரியாக மூன்று மாதம் கழித்து, ஓகஸ்ட் 7ஆம் திகதி இரவு, உலகமே யோசித்தது.

அந்த இரவுக்கு முன்னால் அவருடைய வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதரை அவர் செத்த விதத்தை மட்டும் வைத்து நினைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

இராணுவக் குடும்பம். அப்பா தரைப்படை அதிகாரி. அண்ணனும் தரைப்படையில் கெப்டனாக இருந்து, 1981இல் பணியில் இருக்கும்போதே விபத்தில் இறந்துபோனவர். தீபக் பூனாவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகடமியில் சேர்ந்தார், 58ஆவது அணி. அங்கே ஜனாதிபதி தங்கப் பதக்கம். அடுத்து ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் துண்டிகல் விமானப்படை அகடமி. அங்கே அணியிலேயே சிறந்தவருக்குக் கொடுக்கும் கௌரவ வாள். 1981 ஜூனில் விமானப்படை அதிகாரியானார். அண்ணனைப் பறிகொடுத்த அதே ஆண்டு. அந்த வீட்டில் அந்த வருஷம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

போர் விமானி ஆனார். மிக் 21 ஓட்டினார். தங்க அம்புகள் என்று பெயர் பெற்ற 17ஆவது படையணியில் இருந்திருக்கிறார். அகடமிக்கே திரும்பிப் போய் இளைஞர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஸ்குவாஷ் நன்றாக ஆடுவார் என்று கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் சோதனை விமானியாகவும் வேலை செய்தார். சோதனை விமானி என்றால், பழுது பார்த்த விமானத்தையும் புதிதாகச் செய்த விமானத்தையும் மற்றவர்கள் தொடுவதற்கு முன் எடுத்துக்கொண்டு வானத்துக்குப் போய், அது எங்கே தடுமாறும் என்று பார்த்துவிட்டு வருகிறவர். எல்லா விமானிகளுக்கும் அந்த வேலை கொடுக்க மாட்டார்கள்.

அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் தொட்ட பகுதி 1990களின் தொடக்கத்தில் நடந்தது. விமானப்படையில் இருக்கும்போதே ஒரு விபத்து. மண்டையில் பல காயங்கள். ஆறு மாதம் ஆஸ்பத்திரி. இனிமேல் இவர் விமானம் ஓட்டவே மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். அவருடைய உறவினர் ஒருவர் பின்னால் இதை எழுதினார். அவர் எழும்பினார், மருத்துவப் பரிசோதனையில் தேறினார், மறுபடியும் விமானி ஆசனத்தில் போய் உட்கார்ந்தார். மனத்தைரியம் என்று ஒரு சொல்லில் இதைச் சொல்லிவிடலாம். எனக்கோ அந்த ஆறு மாதக் கட்டிலில் அவர் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருந்தார் என்பதுதான் தெரிய வேண்டும் போல இருக்கிறது.

22 வருஷம் சேவை செய்து 2003 ஜூனில் விமானப்படையை விட்டார். எயார் இந்தியாவில் சேர்ந்து எயார்பஸ் 310 ஓட்டினார். பிறகு எயார் இந்தியா எக்ஸ்பிரசில் போயிங் 737. பத்தாயிரம் மணித்தியாலத்துக்கு மேல் பறந்த அனுபவம். கோழிக்கோட்டில் மட்டும் 27 தடவை இறங்கியிருக்கிறார் என்று அப்போதைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஹர்தீப் சிங் பூரி சொன்னார்.

மிக் 21இல் ஒரே ஒரு ஆசனம்தான். எரிபொருள் எவ்வளவு, இறங்கலாமா கூடாதா, வெளியே குதிக்க வேண்டுமா, எல்லாவற்றையும் அந்த ஒருவரே முடிவெடுக்க வேண்டும். கேட்பதற்கு ஆள் இல்லை, கேட்டுக்கொண்டிருக்க நேரமும் இல்லை. பயணிகள் விமானத்தில் இரண்டு பேர். அங்கே முடிவை இரண்டு பேரும் சேர்ந்து சுமக்க வேண்டும். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். கண்காணிப்பவரின் வாயில் இருந்து வரும் எச்சரிக்கை, ஓட்டுபவரின் கையைவிட முக்கியமான நேரங்கள் உண்டு. உலகம் முழுக்க விமானப்படையில் இருந்து பயணிகள் விமானத்துக்கு வரும் ஆட்கள் எல்லோரும் இந்த மாற்றத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

2020 ஜூலை 29ஆம் திகதி பிரான்சிலிருந்து முதல் ஐந்து ரஃபேல் விமானங்கள் அம்பாலாவில் வந்து இறங்கின. அவை போய்ச் சேர்ந்தது 17ஆவது படையணிக்கு, அவருடைய பழைய படையணிக்கு. அந்த நாட்களில் அவர் டுபாய்க்கும் கேரளத்துக்கும் இடையில் பறந்துகொண்டிருந்தார். இறப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன் அந்த உறவினர் அவரிடம் போனில் பேசியிருக்கிறார். அரபு நாடுகளுக்குப் போகும்போது விமானம் வெறுமையாகத்தானே போகும் என்று கேட்டாராம். இல்லை, பழம், மரக்கறி, மருந்து ஏற்றிக்கொண்டு போகிறோம், வெறுமையாக ஒரு நாளும் போவதில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். போர் விமானம் ஓட்டிய, வாள் வாங்கிய மனிதர், ஐம்பத்தொன்பது வயதில், கிருமிக்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பக்கம் மரக்கறி ஏற்றிப் போய் இந்தப் பக்கம் வேலை இழந்தவர்களை ஏற்றி வந்தார். பதக்கங்களைவிட இந்த வேலைதான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஓகஸ்ட் 8 அவருடைய அம்மாவின் பிறந்தநாள். முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நாக்பூருக்குப் போய் நிற்கும் எண்ணம் இருந்ததாம்.

ஓகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. டுபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கு ஐஎக்ஸ் 1344. பத்துக் கைக்குழந்தைகளோடு சேர்த்து 184 பயணிகள், நான்கு பணியாளர்கள், இரண்டு விமானிகள். மொத்தம் 190 பேர். துணை விமானி அகிலேஷ் குமார், மதுராவைச் சேர்ந்தவர், முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். மனைவிக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது.

கோழிக்கோடு விமான நிலையம் கரிப்பூரில் இருக்கிறது. மலை உச்சியை வெட்டிச் சமப்படுத்திய ஓடுபாதை. இரண்டு முனையிலும் பள்ளம். அன்று கேரளத்தில் கொட்டோ கொட்டென்று மழை. முதல் தடவை இறங்கப் பார்த்தபோது கெப்டன் பக்கத்துக் கண்ணாடியின் வைப்பர் கொஞ்சம் ஓடிவிட்டு நின்றுபோனது. ஓடுபாதை கண்ணில் படவில்லை. மேலே ஏறிவிட்டார். அது சரியான முடிவு. இரண்டாவது தடவை எதிர்ப்பக்கத்து முனையிலிருந்து இறங்கினார். அந்தப் பக்கம் இறங்கும்போது காற்று முதுகுப்பக்கமிருந்து தள்ளியது. ஓடுபாதையின் நீளம் 8,858 அடி. சக்கரம் தரையைத் தொட்டது 4,438 அடி தாண்டிய பிறகு. பாதி ஓடுபாதை முடிந்துவிட்டது, மீதிப் பாதை ஈரம். நேரம் இரவு 7.41. விமானம் முனையைத் தாண்டி, பள்ளத்தில் விழுந்து, மூன்று துண்டானது.

தீப்பிடிக்கவில்லை. 21 பேர் இறந்தார்கள், 19 பயணிகளும் இரண்டு விமானிகளும். மற்ற 169 பேர் உயிரோடு வந்தார்கள்.

அவர்கள் வந்ததற்குக் காரணம் விமான நிலையத்துக்கு அருகே இருக்கும் கொண்டோட்டிப் பக்கத்து ஜனங்கள். அந்த வட்டாரம் அப்போது கொவிட் கட்டுப்பாட்டு வலயம், வெளியே வரக்கூடாது. சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். முகக்கவசம் உண்டா இல்லையா என்று பார்க்காமல், உடைந்த இரும்புக்குள் கையை விட்டுக் குழந்தைகளைத் தூக்கினார்கள். அம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல் தங்கள் கார், ஓட்டோ, லொறி எல்லாவற்றிலும் காயக்காரர்களை ஏற்றினார்கள். நடுராத்திரியில் கோழிக்கோட்டு ஆஸ்பத்திரிகளில் இரத்தம் கொடுக்க வரிசை நின்றது. அடுத்த நாள் அவர்களே தனிமைப்படுத்தலுக்குப் போனார்கள். அவர்களில் யாரும் விமானத்தில் வந்தவர் யார், எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

இங்கே நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. அதே மழை, அதே கேரளம். முந்தின நாள் இரவு மூணாறுப் பக்கம் ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்களை மூடியது. கண்ணன் தேவன் கம்பனித் தோட்டம். லயங்களில் இருந்தவர்கள் தமிழர்கள், பலருடைய பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கத்துக் கயத்தாறு. 70 பேர் போனார்கள். நான்கு பேரின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. மின்சாரம் இல்லை, போன் இல்லை, பாலம் உடைந்திருந்தது. வெளியுலகத்துக்குச் செய்தி தெரியவே மறுநாள் காலை ஆனது. தன் வீட்டுக் குழந்தையைத் தேடி அலைந்து உடலைக் கண்டுபிடித்துக் கொடுத்த குவி என்ற நாயை வைத்துத்தான் பலருக்குப் பெட்டிமுடி ஞாபகம்.

கரிப்பூரில் இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கேரள அரசு பத்து இலட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக்கு ஐந்து இலட்சம். கரிப்பூருக்கு முதலமைச்சர் அடுத்த நாளே போனார், பெட்டிமுடிக்குப் போனது ஓகஸ்ட் 13ஆம் திகதி. மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்களின் பெம்பிளை ஒருமைப் போராட்டத்தின் கோமதி அன்று அங்கே போய் எதிர்ப்புக் காட்டினார், பொலிஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் எங்கள் இரத்தினபுரி மாவட்டத்தில் மண்சரிவு எத்தனை வீடுகளை விழுங்கியது என்று தெரிந்த எங்களுக்கு இந்தக் கணக்கு புரியும். லயத்தில் செத்தால் ஒரு விலை, விமானத்தில் செத்தால் ஒரு விலை. இதில் சாத்தேயின் குற்றம் ஒரு துளியும் இல்லை. கரிப்பூரில் இறந்தவர்களும் பெரிய பணக்காரர்கள் இல்லை, பலர் வேலை போய்த் திரும்பியவர்கள். ஆனால் ஒரு விமானிக்கு எழுதும் நினைவுக் குறிப்பில், அதே மழையில் போன எழுபது தோட்டத்து ஜனங்களை விட்டுவிட்டு எழுத என்னால் முடியாது.

சரி, விபத்துக்குப் பிறகு வந்த செய்திகளுக்கு வருகிறேன். அடுத்த நாள் காலையிலேயே வாட்சப்பில் சாத்தே வீரனாகிவிட்டார். தன் உயிரைக் கொடுத்து 169 பேரைக் காப்பாற்றினார், வேண்டுமென்றே எரிபொருளைத் தீர்த்துவிட்டு இறக்கினார் என்றெல்லாம் எழுதினார்கள். ஓகஸ்ட் 11ஆம் திகதி மும்பையில் மரியாதையோடு அவருடைய இறுதிச் சடங்கு நடந்தது. அது அவருக்குரிய மரியாதைதான்.

2021 செப்டெம்பரில் இந்திய விமான விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை வந்தது. அதை வாசித்தபோது மனது கனத்துப்போனது. இறங்கும் வேகமும் சரிவும் நிலைப்படாமல் இருந்தும் கெப்டன் தொடர்ந்து இறங்கினார், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் தொட்டார், துணை விமானி மேலே ஏறச் சொல்லியும் ஏறவில்லை, துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கவில்லை என்று அறிக்கை சொல்கிறது. வேறு விமான நிலையத்துக்குப் போகும் அளவு எரிபொருளும் இருந்தது. மருத்துவர் எழுதித் தராத சர்க்கரை வியாதி மருந்துகளை அவர் எடுத்துக்கொண்டிருந்தார், அதனால் இரத்தத்தில் சர்க்கரை இலேசாகக் குறைந்து கணிப்பு மங்கியிருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். கம்பனியையும் அறிக்கை விடவில்லை. கோழிக்கோட்டைத் தளமாகக் கொண்டு கம்பனி வைத்திருந்தது ஒரே ஒரு கெப்டன். அடுத்த நாள் காலை கோழிக்கோட்டிலிருந்து போக வேண்டிய விமானத்தையும் சாத்தேயே ஓட்ட வேண்டும் என்று மாற்றியிருந்தார்கள். வேறு ஊரில் போய் இறங்கினால் ஓய்வு நேர விதிப்படி அந்த விமானத்தை அவர் ஓட்ட முடியாது. அந்த யோசனை அவரை அங்கேயே இறங்கத் தூண்டியிருக்கலாம்.

இதை வாசித்துவிட்டுச் சிலர் உடனே மறுபக்கம் சாய்ந்துவிட்டார்கள். வீரன் என்றவர்களே கொலைகாரன் என்றார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆறு மாதக் கட்டிலில் இருந்து எழும்பி வந்தவரும் அவர்தான், ஓடுபாதை நடுவில் சக்கரம் வைத்தவரும் அவர்தான். அடுத்த நாள் விமானத்தைப்பற்றி யோசித்திருந்தால், அது சொந்த வசதிக்காக யோசித்தது இல்லை, அங்கே காத்திருக்கும் பயணிகளுக்காக. ஆனால் அந்த நல்ல எண்ணமே பின்னால் உட்கார்ந்திருந்த 184 பேரை ஆபத்தில் போட்டிருக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் அவரை நினைக்கவில்லை, நமக்கு வசதியான யாரோ ஒருவரை நினைக்கிறோம்.

அந்த அறிக்கையில் என்னை இன்றைக்கும் விடாத இடம் துணை விமானியின் குரல் பதிவு. முதலில் கவனிக்கச் சொல்லித் தொடங்குகிறார். பிறகு கெப்டன் என்று கூப்பிடுகிறார். அதற்குப் பிறகுதான், தொடப்போகும் நேரத்தில், “கோ அரவுண்ட்” என்கிறார். இறங்காதீர்கள், மேலே ஏறுங்கள். விதிப்படி அது கட்டளை. யார் சொன்னாலும் உடனே ஏற வேண்டும். ஆனால் சொன்னவருக்கு முப்பது சொச்சம் வயது. கேட்க வேண்டியவர் விங் கொமாண்டர், கௌரவ வாள், பத்தாயிரம் மணித்தியாலம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த விமானி அறையில் என்ன நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. துரை முன்னால் கணக்கப்பிள்ளை பேச மாட்டார், கணக்கப்பிள்ளை முன்னால் கங்காணி பேச மாட்டார், கங்காணி முன்னால் நாங்கள் பேச மாட்டோம். மண் வெடித்திருக்கிறது, இந்த லயத்துக்கு மேலே பாறை நகர்கிறது என்று கண்ணால் கண்டவன் அதைச் சொல்வதற்குள் மூன்று படி தாண்ட வேண்டும். சொல்லும்போதும் பணிந்து, சுற்றி வளைத்து, ஒரு “ஐயா” போட்டுத்தான் சொல்வான். அதற்குள் நேரம் போய்விடும். அகிலேஷ் குமார் அந்தக் கடைசி நொடிகளில் கெப்டன் என்று கூப்பிட்டதை வாசித்தபோது எனக்கு அந்த “ஐயா”தான் கேட்டது.

இது ஒரு இரவில் நடந்த தனிக் கதையும் இல்லை. 2010 மே 22ஆம் திகதி அதே கம்பனி விமானம், அதுவும் டுபாயிலிருந்து வந்தது, மங்களூரில் அதே மாதிரி மலை உச்சி ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. 158 பேர் செத்தார்கள். அங்கேயும் துணை விமானி மேலே ஏறச் சொன்னார், கெப்டன் உடனே ஏறவில்லை. 1977 மார்ச் 27இல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தபோதும், மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ என்று விமானி அறையில் இருந்த பொறியியலாளர் கேட்டார். மூத்த கெப்டன் அதைத் தள்ளிவிட்டார். டெனரீஃப் போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், விமானி அறையில் இளையவர் பேசவும் மூத்தவர் கேட்கவும் தனியாகப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பயிற்சி பலித்ததற்கும் ஒரு கதை இருக்கிறது, அதிலும் ஒரு பழைய படைவீரர். அல் ஹெய்ன்ஸ். 1952இல் அமெரிக்கக் கடற்படையின் விமானிப் பயிற்சியில் சேர்ந்து மரைன் விமானியாகி, 1956இல் யுனைடெட் எயார்லைன்சுக்கு வந்தவர். 1989 ஜூலை 19ஆம் திகதி அவர் ஓட்டிய டிசி 10 விமானத்தின் வால் எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பவும் சரிக்கவும் தேவையான எண்ணெய்க் குழாய்கள் எல்லாம் அறுந்துபோயின. ஓட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. பயணியாக வந்த டெனி ஃபிட்ச் என்ற பயிற்றுநரை முன்னால் கூப்பிட்டு, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பும் வேலையை அவரிடம் கொடுத்தார். அறையில் இருந்த நான்கு பேரும் பேசினார்கள், நான்கு பேரையும் அவர் கேட்டார். விமானம் அமெரிக்காவின் சியூ சிட்டியில் போய் விழுந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். கெப்டன் சொன்னதே வேதம் என்று இருந்த பழைய நாட்களாக இருந்திருந்தால் நாங்கள் அங்கே வந்து சேர்ந்திருக்கவே மாட்டோம் என்று அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். பேசுவதற்குக் காசு வாங்கவில்லை. 2019 ஓகஸ்ட் 25இல் சியாட்டிலில் இறந்தார்.

ஹெய்ன்சை உயர்த்திச் சாத்தேயைத் தாழ்த்துவதற்காக இதை எழுதவில்லை. ஹெய்ன்சுக்கு யோசிக்க முக்கால் மணித்தியாலம் கிடைத்தது, சாத்தேக்குக் கிடைத்தது சில நொடிகள். ஆனால் இருவரும் படையில் விமானம் ஓட்டிப் பழகி வந்தவர்கள். ஒருவரைச் சுற்றி அவர் வேலை செய்த இடம் கேட்கும் பழக்கத்தை வளர்த்திருந்தது. இன்னொருவரைச் சுற்றி ஒரே ஒரு கெப்டனும், நாளைக் காலைக்கு ஒரு விமானமும், வாய் திறக்கத் தயங்கும் ஒரு இளைஞனும் இருந்தார்கள். என் கணிப்பில் பழியின் பெரும்பங்கு அந்த ஏற்பாட்டுக்குத்தான் போக வேண்டும்.

பிழைத்தவர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் கழித்து, 2022இல், தங்களைத் தூக்கிய ஜனங்களுக்கு நன்றியாக அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கட்டடம் கட்டிக் கொடுப்பதாக அறிவித்தார்கள். நட்டஈட்டுப் பணத்தில் இருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஐம்பது இலட்சம் ரூபாய். வேலை இழந்து வந்தவர்கள், கை கால் முறிந்து மாதக் கணக்காகப் படுத்தவர்கள், அவர்கள் சேர்த்த காசு. இந்தச் செய்தியை வாசித்த அன்று, அந்த விமானத்தை ஓட்டிய இரண்டு பேரும் இதைப் பார்க்காமல் போய்விட்டார்களே என்று இருந்தது.

என் சித்தி மகன் பிறகு ஒரு விசேட விமானத்தில் வந்து சேர்ந்தான், தனிமைப்படுத்தல் முகாமில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். யார் ஓட்டிய விமானம் என்று கேட்டேன். “யாருக்குத் தெரியும் அண்ணே, கதவு மூடித்தானே இருந்துச்சு” என்றான்.

இதை வாசிப்பவர்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்று தெரியும். உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். நீங்கள் வேலை செய்யும் இடத்தில், கிரேன் ஆகட்டும், சாரம் ஆகட்டும், பஸ் ஆகட்டும், உங்களுக்குக் கீழே இருக்கும் பொடியன் நிறுத்தச் சொன்னால் முதலில் நிறுத்துங்கள், காரணத்தைப் பிறகு கேட்கலாம். அடுத்தது, வரும் ஓகஸ்ட் 7ஆம் திகதி யாராவது விங் கொமாண்டர் தீபக் சாத்தேயின் படத்தைப் போட்டு நினைவுகூர்ந்தால், பக்கத்தில் அகிலேஷ் குமாரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டிமுடியின் பெயரையும்.